நெதர்லாந்தின் துலிப் தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெய்டன் நகருக்கு அருகில் வசிப்பதால், ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்ததும் உறவினரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். தனித்தனியாக எழுதி அனுப்பிய பதில்களை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். கியூகன்ஹாஃப் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அன்று மாலையே அடுத்த நாட்டுக்குப் பேருந்து ஏறிவிடுபவர்கள் மிகுதி. அந்தத் தோட்டம் ஒரு பெருந்தொழிலின் கடைமுகப்பு. சுற்றியுள்ள வயல்கள் அதன் பட்டறை. லெய்டனும் ஹார்லெமும் அதன் பூர்வீகம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க இரண்டு நாள்கள் போதும். அந்த இரண்டாவது நாளை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்த மாதத்தில், எந்த வாரத்தில் வருவது நல்லது?

கியூகன்ஹாஃப் ஆண்டுக்கு எட்டு வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும். மார்ச் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, மே இரண்டாவது வாரத்தை ஒட்டி முடியும். திறந்திருக்கும் நாள்களில் எல்லாம் எல்லாப் பூவும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மார்ச்சில் குரோகஸ், மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை டாஃபோடிலும் ஹயசிந்தும், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே முதல் சில நாள்கள் வரை துலிப் என்பதே வயல்களின் வழக்கமான வரிசை. துலிப்தான் நோக்கம் என்றால், ஏப்ரல் 15ஆம் தேதிக்கும் 30ஆம் தேதிக்கும் இடையில் வருவது பாதுகாப்பானது. குளிர்காலம் மிதமாக இருந்த ஆண்டில் இந்தக் கணக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ முன்னால் நகரும்; குளிர் நீடித்தால் பின்னால் தள்ளும். விமானச் சீட்டை மாதங்களுக்கு முன்பே எடுக்க வேண்டியவர்களுக்கு ஏப்ரல் மூன்றாவது வாரத்தைத்தான் நான் சொல்வது வழக்கம்.

இரண்டு நாள்களைக் கவனத்தில் வையுங்கள். ஈஸ்டரை ஒட்டிய விடுமுறையில் தோட்டத்தில் கூட்டம் மிக அதிகம். ஏப்ரல் 27 மன்னரின் பிறந்தநாள் விழா. அன்று நாடே செம்மஞ்சள் உடுத்தித் தெருவில் இறங்கிவிடும், இரயில்களில் நிற்க இடம் இருக்காது. விழாவைப் பார்க்க விரும்பினால் அன்று ஆம்ஸ்டர்டாமில் இருங்கள். தோட்டத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கியூகன்ஹாஃப் தோட்டத்தின் சிறப்பு என்ன?

லிஸ்ஸே என்ற சிற்றூரில் 32 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 79 ஏக்கர், பரப்பில் அமைந்த தோட்டம் இது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் குமிழ்க்கிழங்குகளைத் தோட்டக்காரர்கள் கையால் நடுகிறார்கள். துலிப் வகைகள் மட்டும் 800 வரை இருக்கும். பருவம் முடிந்ததும் அத்தனை கிழங்குகளையும் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குப் புதிய வடிவமைப்போடு மறுபடியும் நடுகிறார்கள். சென்ற ஆண்டு பார்த்த பாத்தியை இந்த ஆண்டு அதே இடத்தில் பார்க்க முடியாது.

பெயரின் பொருள் ‘சமையலறைத் தோட்டம்’. 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட ஜக்கோபா சீமாட்டியின் டெய்லிங்கன் கோட்டைச் சமையலறைக்கு இங்கிருந்த காட்டிலிருந்துதான் மூலிகைகளும் வேட்டை இறைச்சியும் போயின. 1641இல் இங்கே ஒரு மாளிகை எழுந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் இன்றும் நிற்கிறது. அதன் பூங்காவை 1857இல் ஆங்கிலேய நிலக்காட்சிப் பாணியில் திருத்தியமைத்தவர்கள், ஆம்ஸ்டர்டாமின் ஃபோண்டல் பூங்காவை வடிவமைத்த சோக்கர் தந்தையும் மகனும். வளைந்து செல்லும் பாதைகளும் நீர்நிலையும் பெரிய பீச் மரங்களும் அவர்கள் காலத்தின் மிச்சம். 1949இல் கிழங்கு சாகுபடியாளர்களும் ஏற்றுமதியாளர்களுமாக இருபது பேர் கூடி, தங்கள் சரக்கை வாங்குவோர் நேரில் பார்ப்பதற்கு ஒரு திறந்தவெளிக் கண்காட்சி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1950இல் கதவு திறந்தது. இன்றும் ஏறத்தாழ நூறு சாகுபடியாளர்கள் தங்கள் கிழங்குகளை இங்கே கொடுக்கிறார்கள். பாத்திதோறும் வகையின் பெயரும் கொடுத்தவரின் பெயரும் எழுதிய சிறு பலகை இருக்கும். அதை வாசித்துக்கொண்டே நடந்தால், பூக்களின் அணிவகுப்பாக மட்டும் தோன்றியது ஒரு பெரிய விதைப்பட்டியலாகவும் மாறிவிடும்.

ஒரே பாத்தியில் எட்டு வாரமும் பூ இருப்பது எப்படி என்று பலர் கேட்பதுண்டு. கிழங்குகளை அடுக்கடுக்காகப் புதைக்கிறார்கள்: தாமதமாகப் பூக்கும் துலிப் ஆழத்தில், முன்னதாகப் பூப்பது அதற்கு மேலே, குரோகஸ் எல்லாவற்றுக்கும் மேலே. மேலடுக்கு வாடும்போது கீழடுக்கு அதன் இடத்தை நிரப்பிவிடும்.

நுழைவுச்சீட்டும் பேருந்தும் எப்படி?

சீட்டை முன்னதாகவே இணையத்தில் வாங்கிவிடுங்கள்; நாளையும் நுழையும் நேரத்தையும் குறித்துத்தான் விற்கிறார்கள், ஏப்ரல் வார இறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். தோட்டம் காலை 8 மணியிலிருந்து மாலை 7.30 வரை திறந்திருக்கும். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து 858, லெய்டன் மைய நிலையத்திலிருந்து 854 ஆகிய பேருந்துகள் பருவகாலத்தில் நேரே தோட்ட வாசலுக்கு வருகின்றன. பேருந்துக்கும் தோட்டத்துக்கும் சேர்த்த இணைச்சீட்டும் உண்டு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்படும் பலர் ஸ்கிபோல் வழியாக வருவதால் அங்கே வரிசை நீளும்; லெய்டனில் தங்கினால் அந்தச் சிரமம் குறையும், அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு.

எத்தனை மணி நேரம் ஆகும்? முதியவர்களால் நடக்க முடியுமா?

நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதைகள் சமதளம், சக்கர நாற்காலி எளிதாகச் செல்லும். நாற்காலியை முன்பதிவு செய்தால் அங்கேயே பெறலாம். என் தாயார் எழுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு வந்தபோது, முதல் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு ஆர்க்கிட் மலர்கள் இருக்கும் பேயாட்ரிக்ஸ் மண்டபத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார். அதன் பிறகு காற்றாலை வரை தாமாகவே நடந்து வந்தார். மழை வந்தால் ஒதுங்குவதற்கு வில்லெம்-அலெக்சாண்டர் மண்டபம் பெரியது. வெளியில் முடிந்துபோன வகைகளையும் அங்கே உள்ளே பார்க்கலாம். குழந்தைகளுக்குச் செடிவேலிப் புதிர்ப்பாதையும் சிறு விலங்குப் பண்ணையும் உண்டு.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. துலிப் குளிரில் இதழ் குவிந்து, வெயிலில் விரியும். காலை எட்டு மணிக்குக் கூட்டம் இருக்காது, ஆனால் பூக்கள் மூடிய கோப்பைகளாக நிற்கும். பதினோரு மணி வெயிலில் அதே பூவுக்குள் குனிந்து பாருங்கள்: ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தண்டுகள், அடியில் மை கொட்டினாற்போல் ஒரு கரும்புள்ளி, அதன் விளிம்பில் மெல்லிய மஞ்சள் வளையம். தொலைவிலிருந்து சிவப்புப் பட்டையாகத் தெரிந்த பாத்தியில் ஒவ்வொரு பூவுக்குள்ளும் இப்படி ஓர் ஓவியம் இருப்பதை, படம் எடுக்கும் அவசரத்தில் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். பகல் கூட்டத்தைத் தவிர்க்க விரும்பினால் மாலை நான்கு மணிக்குப் பிறகு உள்ளே செல்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் போய்விடும், ஒளியும் சாய்வாக விழும்.

பெரிய வயல்கள் தோட்டத்துக்குள் இருக்கின்றனவா?

இல்லை. வண்ணப் பட்டைகளாக அடிவானம் வரை நீளும் படங்கள் எல்லாம் வெளியில் உள்ள வயல்களில் எடுத்தவை. அவற்றைப் பார்க்கச் சீட்டு வேண்டியதில்லை. ஹார்லெமுக்கும் லெய்டனுக்கும் இடையில் ஹில்லெகொம், லிஸ்ஸே, சாசன்ஹைம், ஃபோர்ஹவுட், நோர்ட்வைக்கர்ஹவுட், நோர்ட்வைக் ஆகிய ஊர்களைச் சுற்றி இந்த வயல்கள் பரந்திருக்கின்றன.

பார்ப்பதற்கு மிகச் சிறந்த வழி மிதிவண்டி. தோட்ட வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சாலைச் சந்திப்புகளில் உள்ள எண் பலகைகளைப் பின்பற்றினால் வழி தவறாது. சிவப்புத் தளமிட்ட பாதை மிதிவண்டிக்கு மட்டும் உரியது, அதில் நடக்காதீர்கள். மிதிக்க இயலாதவர்களுக்குத் தோட்டத்துக் காற்றாலை அடியிலிருந்து மின்சாரப் படகு ஒன்று வயல்களுக்கு நடுவிலான கால்வாயில் சுமார் 45 நிமிடம் அழைத்துச் செல்லும். அதுவும் வேண்டாம் என்றால், லெய்டனிலிருந்து ஹார்லெமுக்குச் செல்லும் சாதாரண இரயிலில் சன்னல் ஓரம் உட்காருங்கள். ஃபோர்ஹவுட் தாண்டியதும் இருபுறமும் வயல்கள் விரியும். ஹயசிந்த் பூத்திருக்கும் வாரத்தில் மிதிவண்டியில் போனால், வயல் கண்ணுக்குப் படுமுன் மணம் வந்துவிடும். ஊர்க் கோயில் வாசலில் பூக்கடையை நெருங்கும்போது வரும் கனத்த மணத்தை அது எனக்கு நினைவூட்டும்.

இந்தப் பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு கிழங்கு விளைகிறது?

மண்தான் காரணம். கடற்கரையை ஒட்டியிருந்த பழைய மணற்குன்றுகளை, வளரும் நகரங்களின் கட்டட வேலைக்காக வெட்டிப் படகுகளில் ஏற்றிச் சென்றார்கள். வெட்டியபின் எஞ்சிய தரை நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, சுண்ணாம்புச் சத்துள்ள நுண்மணலாக நின்றது. கிழங்குக்கு வேர் நனைய வேண்டும், உடல் அழுகக் கூடாது. இந்த மணல் அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. வயலின் ஓரத்து வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும், தரைக்குக் கீழே ஏறத்தாழ இரண்டடியில் நீர் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வயலைப் பார்க்கும்போது அந்த வாய்க்காலையும் பாருங்கள். அது இல்லையென்றால் பூ இல்லை.

வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. இதை மிகுந்த வேண்டுதலோடு சொல்கிறேன். விளைநிலத்தில் நிற்பது அழகுச்செடி அன்று, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். நம் ஊரில் கதிர் முற்றிய வயலுக்குள் வெளியூர்க்காரர் இறங்கிப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? மிதிபட்ட தண்டு கிழங்குக்கு உணவு அனுப்பாது. காலணியில் ஒட்டிய மண் ஒரு வயலின் நோயை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகும். சாலை ஓரத்திலிருந்தும் மிதிவண்டிப் பாதையிலிருந்தும் தாழ்வாகக் குனிந்து எடுத்தாலே பூக்களுக்கு நடுவில் நிற்பது போன்ற படம் கிடைக்கும். பூக்களுக்குள் நின்றே எடுக்க வேண்டும் என்பவர்களுக்கென்று ஹில்லெகொமிலும் நோர்ட்வைக்கர்ஹவுட்டிலும் கட்டணத்துடன் அனுமதிக்கும் தோட்டங்கள் உண்டு. சிலவற்றில் பூப் பறிக்கவும் விடுவார்கள்.

நேற்று நிறமாக இருந்த வயல் இன்று வெறும் பச்சையாக இருக்கிறதே, ஏன்?

பூவைக் கொய்துவிட்டார்கள். இங்கே விற்பனைக்கு விளைவது பூ அன்று, கிழங்கு. பூ விதையாக மாற விட்டால் செடியின் சத்து அதற்குப் போய்விடும். அதனால் பூ விரிந்து, வகை சரிதானா என்று பார்த்தவுடன் இயந்திரத்தால் தலையை மட்டும் வெட்டி, தண்டையும் இலையையும் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய தலைகள் வரிசைகளுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் காட்சி முதன்முறை பார்ப்பவருக்கு மனத்தை என்னவோ செய்யும். கிழங்கு ஜூன், ஜூலையில் அறுவடையாகும்.

வெட்டுவதற்கு முந்தைய நாள்களில் வயல் நடுவே மெதுவாக ஊர்ந்து செல்லும் கூரையிட்ட சிறு வண்டியைக் காணலாம். அதில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பூவாகப் பார்த்து, நோய்ச் செடியைக் கிழங்கோடு எடுத்துவிடுகிறார். ஒருமுறை சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், அப்போதுதான் எடுத்த ஒரு செடியை அவர் தூக்கிக் காட்டினார். சிவப்பு இதழில் வெள்ளைத் தீற்றல், தீ நாக்கு போல. வயலிலேயே அழகான பூ அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் அவர் களைந்திருந்தார். அந்தத் தீற்றலின் கதையை ஹார்லெம் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

துலிப் நெதர்லாந்தின் சொந்தப் பூவா?

இல்லை. அதன் காட்டுமூதாதைகள் நடு ஆசியாவின் தியான் ஷான், பாமிர் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. பாரசீகரும் துருக்கியரும் போற்றி வளர்த்த பூ, 16ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு வழியாக மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது. வியன்னா அரசத் தோட்டத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ், 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1590இல் நிறுவப்பட்ட அதன் தாவரவியல் தோட்டத்தில் தாம் கொண்டுவந்த கிழங்குகளை நட்டார். 1594 வசந்தத்தில் அவை பூத்தன. விலைக்குக் கேட்டவர்களுக்கு அவர் கொடுக்க மறுக்கவே, இரவில் திருடிச் சென்றார்கள் என்பது பலமுறை சொல்லப்படும் செய்தி.

அந்தத் தோட்டம் இன்றும் லெய்டனின் ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில், பல்கலைக்கழகப் பழைய கட்டடத்தின் பின்னால் இருக்கிறது. குளூசியஸின் பாத்திகளைப் பழைய வரைபடத்தின்படி மீண்டும் அமைத்திருக்கிறார்கள். கியூகன்ஹாஃபில் லட்சங்களைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே செங்கல் ஓரமிட்ட சிறு பாத்தியில் இடைவெளி விட்டு நிற்கும் ஒற்றை ஒற்றைத் துலிப் வேறு அனுபவம் தரும். பொன்னைப்போல் காத்த காலத்தில் ஒரு கிழங்கு எப்படி நின்றிருக்கும் என்பது புரியும். முதல் நாள் கியூகன்ஹாஃப், மறுநாள் காலை இந்தத் தோட்டம் என்ற வரிசையை நான் வேண்டுமென்றே பரிந்துரைக்கிறேன்.

லெய்டனில் தமிழருக்கு உரிய ஏதேனும் உண்டா?

உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்த செய்தியைச் சொல்லும் 21 செப்பேடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்து மூன்று செப்பேடுகளும் உலகெங்கும் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே அறியப்படுகின்றன. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை ஆண்ட காலத்தில் கடல் கடந்து, 19ஆம் நூற்றாண்டு முதல் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பேணப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். அவை காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டிருந்த பொருள்கள் அல்ல. ஆகவே அவற்றைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம். ஆயினும் இந்தக் கால்வாய்க் கரையில் நடக்கும்போது நாகப்பட்டினத்தை நினைக்காமல் என்னால் நடக்க முடிந்ததில்லை.

‘துலிப் மோகம்’ என்பது உண்மையில் நடந்ததா? அதன் சுவடு எங்கே?

நடந்தது, கதைகளில் வரும் அளவுக்கு அன்று. 1630களில், குறிப்பாக 1636-37 குளிர்காலத்தில், மண்ணுக்குள் புதைந்திருக்கும் கிழங்குகளைக் கையெழுத்துச் சீட்டுகளில் மாற்றி மாற்றி விற்றார்கள். மதுக்கடைகளில் நடந்த அந்த வணிகத்தில் விலை நாளுக்கு நாள் ஏறியது. 1637 பிப்ரவரி தொடக்கத்தில் ஹார்லெமில் ஓர் ஏலத்தில் வாங்க ஆளில்லாமல் போனது. சில நாள்களில் சந்தையே சரிந்தது. ஆனால் அதே வாரத்தில் ஆல்க்மார் நகரில், பெற்றோரை இழந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடந்த கிழங்கு ஏலம் சுமார் 90,000 கில்டருக்கு (அன்றைய டச்சுப் பணம்) போயிருந்தது. நாடே திவாலாகி மக்கள் கால்வாயில் குதித்தார்கள் என்பதெல்லாம் அன்றைய கண்டனத் துண்டறிக்கைகள் பரப்பிய செய்தி. பத்திரங்களை ஆராய்ந்த பிற்கால வரலாற்றாசிரியர்கள், இழப்பு வசதியுள்ள சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றது என்று காட்டியிருக்கிறார்கள்.

அன்று மிக உயர்ந்த விலைக்குப் போனவை, வெள்ளையில் சிவப்பும் ஊதாவும் தீற்றிய பூக்கள். தலையாயது ‘செம்பர் அகஸ்டஸ்’. எந்தக் கிழங்கு அப்படித் தீற்றலோடு பூக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அது அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுநுண்மத்தின் (வைரஸ்) வேலை என்பது 1920களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. கிழங்கைப் படிப்படியாக நலிவடையச் செய்யும் நோய் அது. செம்பர் அகஸ்டஸ் இன்று உலகில் இல்லை. வயலில் அந்த மனிதர் எனக்குக் காட்டிவிட்டுக் கூடையில் எறிந்தது, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் விலைக்கு நிகராக மதிக்கப்பட்டிருக்கக் கூடிய அழகு. இன்று கடைகளில் விற்கும் தீற்றல் துலிப், நோயின்றி இனக்கலப்பால் உருவாக்கியவை.

ஹார்லெமின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம் இந்தக் கதையின் பல சான்றுகளைக் காக்கிறது. இளைய யான் புருகெல் 1640ஐ ஒட்டித் தீட்டிய ஓவியத்தில் துலிப் வணிகர்கள் எல்லோரும் குரங்குகள்: ஒரு குரங்கு கிழங்கை எடைபோடுகிறது, இன்னொன்று பணம் எண்ணுகிறது, ஒன்று வாடிய துலிப் மீது சிறுநீர் கழிக்கிறது. யூடித் லெய்ஸ்டர் 1643இல் துலிப் வரைந்த பட்டியல் நூலும் இவர்களிடம் உண்டு. விற்பனைக்கு வைத்த பூவை வாங்குவோர் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஓவியர்களைக் கொண்டு இப்படி வரைவித்தார்கள். எல்லாம் எப்போதும் காட்சியில் இருக்காது என்பதால் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹார்லெமில் வேறு என்ன பார்க்கலாம்?

நகரச் சதுக்கத்தில் உள்ள புனித பாவோ பெருந்தேவாலயத்தின் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவி 1738இல் முடிந்தது. 1766இல் பத்து வயது மோட்சார்ட் அதை வாசித்திருக்கிறார். டெய்லர்ஸ் அருங்காட்சியகம் 1784இல் திறந்தது, நாட்டிலேயே பழமையானது. சன்னல் ஒளியை நம்பிக் கட்டிய அதன் முட்டை வடிவ மண்டபத்தை மேகமில்லாத நாளில் பாருங்கள். கோரி டென் பூம் குடும்பத்தின் கடிகாரக் கடை வீட்டில், இரண்டாம் உலகப் போரில் யூதர்களை ஒளித்துவைத்த சுவர்மறைவு அப்படியே இருக்கிறது.

டெல்ஃப்ட், ஆம்ஸ்டர்டாம் ஆகியவற்றையும் சேர்க்கலாமா?

மூன்றாவது நாள் இருந்தால் சேர்க்கலாம். டெல்ஃப்ட் நீலப் பீங்கானில், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குழாய்வாய் வைத்து, கோபுரம்போல் அடுக்கிய பூச்சாடிகளை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்தார்கள்; அந்தப் பெரிய சாடிகளை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆன் ஃபிராங்க் இல்லத்துக்குச் சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும், செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரத்துக்கு முந்தியே வெளியிடுகிறார்கள். நேரே போய் நின்று ஏமாறாதீர்கள்.

மலர் ஊர்வலம் என்கிறார்களே, அது எப்போது?

ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி, நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பூவால் மூடிய தேர்கள் நாள் முழுவதும் ஊர்ந்து செல்லும். 1947 முதல் நடக்கிறது. தேரை மூடுவது பெரும்பாலும் ஹயசிந்த். முந்தைய நாள்களில் தன்னார்வலர்கள் கொட்டகையில் உட்கார்ந்து, கொத்திலிருந்து ஒவ்வொரு சிறு பூவாகக் கிள்ளி ஊசியால் குத்தி நிரப்புவார்கள்; நம் ஊரில் தேருக்கு முந்தைய இரவில் மாலை கட்டும் திண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. அன்று சாலைகள் மூடியிருக்கும், பேருந்துகள் தாமதமாகும். கியூகன்ஹாஃபையும் ஊர்வலத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதைவிட, சாசன்ஹைமிலோ லிஸ்ஸேயிலோ சாலையோரம் ஓர் இடம் பிடித்து நிற்பது மேல். தேர்கள் ஞாயிறன்று ஹார்லெமில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். நெருங்கிப் பார்க்க அதுவே தக்க நாள்.

ஆல்ஸ்மேர் மலர் ஏலத்தைப் பார்க்கப் போவது பயனுள்ளதா?

அதிகாலை எழத் தயாரென்றால், ஆம். வார நாள்களில் மட்டும். ஏழு, எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். இங்கே ஏலம் மேலிருந்து கீழே இறங்கும்: கடிகார முள் உயர்ந்த விலையிலிருந்து சரியும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. வாங்குவோர் இப்போது கணினி வழியாகவே வாங்குவதால் பழைய பரபரப்பைக் கூடத்தில் எதிர்பார்க்க வேண்டாம். பார்வையாளர் மேடையிலிருந்து கீழே பார்த்தால், ஆயிரக்கணக்கான பூவண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் ஓடும் காட்சி மட்டுமே போதும்.

துலிப் கிழங்கை உண்ணலாமா?

வேண்டாம், வெங்காயம் போல இருந்தாலும் அதில் நஞ்சு உண்டு. கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1944-45 பசிக் குளிர்காலத்தில், செருமானிய ஆக்கிரமிப்பில் உணவு வரத்து தடைபட்டு மேற்கு நெதர்லாந்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டபோது, விற்க வழியின்றிக் கிடங்கில் கிடந்த கிழங்குகளை மக்கள் தின்றார்கள். நடுவிலுள்ள மஞ்சள் முளையை நீக்கிவிட்டு வேகவைக்க வேண்டும் என்று அப்போது செய்முறை அச்சிட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் பேசிப் பழகும் முதியவர் யாரேனும் துலிப்பைப் பார்த்துப் புன்னகைக்காவிட்டால், காரணம் அதுவாக இருக்கலாம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். தோட்டத்துக்குள் பொஃபர்ட்யஸ் என்ற குட்டி அப்பங்கள் உண்டு. அவற்றில் பாலும் பெரும்பாலும் முட்டையும் சேரும், முட்டை தவிர்ப்பவர்கள் உருளைக்கிழங்கு வறுவலை நாடுங்கள். பல பாலாடைக்கட்டிகள் விலங்கு நொதியில் செய்தவை. வயிறு நிறைய வேண்டுமானால் டென் ஹாக் (தி ஹேக்) நகரின் சுரினாம் ரொட்டிக் கடைகளுக்குப் போங்கள்: 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குச் சென்றவர்களின் சந்ததியினர் நடத்துபவை, பருப்பு நிரப்பிய ரொட்டியும் உருளைக்கிழங்கு மசாலாவும் நம் நாக்குக்குப் பழகியவையே.

விசா, பணம், உடை பற்றி?

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். 30,000 யூரோ காப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பேருந்திலும் இரயிலிலும் தொடுவசதியுள்ள வங்கி அட்டையாலேயே ஏறும்போதும் இறங்கும்போதும் பதியலாம். இறங்கும்போது பதிய மறந்தால் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். பல கடைகள் ரொக்கப் பணம் வாங்குவதில்லை. ஏப்ரலில் வெயில் காயும் நாளிலும் காற்று குளிரும். குடை இந்தக் காற்றில் நிற்காது, தலைமூடியுள்ள மழைச்சட்டை கொண்டுவாருங்கள்.

கிழங்கு வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

நடவுப் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பயணப் பையில் போட்டு எடுத்துச் செல்ல முடியாது. கொண்டுபோனாலும் சமவெளியில் பூக்காது: மூன்று, நான்கு மாதம் கடுங்குளிரில் கிடந்தால்தான் கிழங்குக்குள் இருக்கும் பூ வெளியே நீளும். ஸ்ரீநகரில் 2007இல் திறந்த துலிப் தோட்டம் சிறப்பாக நடப்பதற்கு அந்தக் குளிரே காரணம். அங்கே நடும் கிழங்குகளும் நெதர்லாந்திலிருந்துதான் போகின்றன. ஐரோப்பாவுக்குள் வசிப்பவர்கள் இலையுதிர்காலத்தில் வாங்குங்கள். வசந்தத்தில் சுற்றுலாச் சந்தையில் தொங்கும் பொட்டலங்கள் நடவுக் காலத்தைத் தவறவிட்டவை. கியூகன்ஹாஃபில் பூவைப் பார்த்துப் பதிவு செய்தால், இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கூட்டமே இல்லாத இடம் ஏதேனும்?

இரண்டு சொல்வேன். லிம்மன் என்ற சிற்றூரில் ஹோர்டஸ் புல்போரம் என்ற தோட்டம், வணிகத்திலிருந்து மறைந்துபோன பழைய வகைகளைத் தொடர்ந்து நட்டுக் காக்கிறது. 1595ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட ‘டக் ஃபான் டோல்’, 1620ஐச் சேர்ந்த ‘சோமர்ஸ்கோன்’ போன்றவை அங்கே உயிரோடு நிற்கின்றன. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை திறந்திருக்கும். பாத்திகளுக்கு இடையில் முழங்காலிட்டுப் பார்த்தாலும் யாரும் பின்னாலிருந்து தள்ள மாட்டார்கள்.

இன்னும் வடக்கே போனால் டென் ஹெல்டர். யூலியானாடோர்ப், அன்னா பௌலோனா ஊர்களைச் சுற்றிக் கடல் மதகு வரை நீளும் வயல்கள், லிஸ்ஸேயைவிடப் பரந்தவை. சுற்றுலாப் பேருந்து அரிதாகவே எட்டிப்பார்க்கும். அதே டென் ஹெல்டரில் ஈழத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ வரதராஜ செல்வவிநாயகர் ஆலயம் இருக்கிறது. காலையில் பூசை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு, மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துத் தெற்கே திரும்பினால், ஊர் முடிந்த சிறிது தொலைவிலேயே முதல் வயல் தொடங்கிவிடும்.